அண்ணனூர் ஸ்டேஷன் வாசலில் எலுமிச்சை வாசம்

சென்ட்ரலில் ஏறி ஆவடிப் பக்கம் போகும் மின்சார ரயிலில் திருமுல்லைவாயிலைத் தாண்டினால் அடுத்து அண்ணனூர். அதற்கடுத்தது ஆவடி. இரண்டு பெரிய பெயர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டதால் பலருக்கும் அண்ணனூர் என்பது ஜன்னல் வழியே கடந்துபோகும் ஒரு மஞ்சள் பலகை மட்டும்தான். ரயில்களுக்கு அப்படியில்லை. மின்சார ரயில்களைக் கழுவி, பழுதுபார்த்து, நிறுத்தி வைக்கும் கார் ஷெட் இங்கேதான் இருக்கிறது. நாள் முழுக்கச் சென்னையைச் சுமந்த ரயில்கள் ராத்திரியில் படுக்க வரும் ஊர் இது.

மனிதர்கள் திரும்பி வருவது அதற்குக் கொஞ்சம் முன்னால். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்தவர்கள், பாரிமுனைக் கடைகளில் கணக்கு எழுதுகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், துணிக்கடையில் பத்து மணி நேரம் நின்றே வேலை பார்த்த பெண்கள். சித்திரை, வைகாசி சாயங்காலங்களில் ரயில் கதவருகே நின்று வந்தவருக்கும் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். இந்த மேற்குப் பாதையின் எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும், படிக்கட்டு முடிந்து சாலை தொடங்கும் இடத்தில் அவர்களுக்காக ஒரு தள்ளுவண்டி நிற்கும். முன்வரிசையில் எலுமிச்சைக் குவியல், பின்னால் சோடா பாட்டில்கள், ஓரத்தில் நன்னாரி சிரப், சாக்கு போர்த்திய ஐஸ் பெட்டி.

"அண்ணே, ஒரு லெமன் சோடா."

"உப்பா, ஸ்வீட்டா, ரெண்டுமா?"

"ரெண்டும் போடுங்கண்ணே. பாப்பாவுக்கு ஐஸ் மட்டும் வேணாம்."

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அரை நிமிட வேலை. பழத்தைப் பலகையில் ஒரு உருட்டு, குறுக்கே ஒரு வெட்டு. மரக்கட்டையில் வைத்து ஒரு அழுத்து. உப்பு, சர்க்கரைப் பாகு, ஐஸ். கடைசியாக சோடா. ஊற்றும்போது டம்ளர் விளிம்புவரை நுரைத்துப் பொங்கும். அது அடங்குவதற்குள் வாயில் வைத்துவிட வேண்டும். காத்திருந்து குடிக்கிறவருக்குப் பாதி சுவைதான் கிடைக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு நொடி உண்டு. கத்தி பழத்தில் இறங்கும் அந்த நொடி. சாறு இன்னும் டம்ளரில் விழவில்லை, ஆனால் நாலடி தள்ளி நிற்பவருக்கும் எலுமிச்சை வாசம் வந்துவிடும். அது சாற்றின் வாசம் கிடையாது. சாறு புளிக்கும், அவ்வளவாக மணக்காது. மணம் இருப்பது தோலில். எலுமிச்சையின் மேல்தோலை உற்றுப் பார்த்தால் ஊசிமுனை அளவு புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு குட்டி எண்ணெய்ப் பை. கத்தி பட்டதும் அவை உடைந்து, கண்ணுக்குத் தெரியாத தூறலாகக் காற்றில் தெறிக்கின்றன. லிமோனீன், சிட்ரால் என்றெல்லாம் வேதியியல் பெயர் சொல்லும் பொருள்கள் அந்த எண்ணெயில்தான் இருக்கின்றன.

பெங்களூரு, கோவா மதுக்கூடங்களில் இப்போது பெரிய விலைக்கு விற்கப்படும் பழ ஜின்னின் பாதி ரகசியமும் இந்தத் தோல்தான். குடும்பப் பத்திரிகையில் ஜின்னுக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்க வேண்டாம். வண்டிக்காரர் அரை நிமிடத்தில் செய்வதை அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் சில விஷயங்கள் துலங்கும்.

தானியத்தைப் புளிக்கவைத்து, வடித்து, கிட்டத்தட்ட மணம் குணம் எதுவுமே இல்லாமல் ஆக்கப்பட்ட சாராயத்தில் ஜூனிபர் என்ற காயின் வாசத்தை ஏற்றினால் அது ஜின். பார்ப்பதற்குக் கருநீலப் பழம் மாதிரி இருந்தாலும், தாவரவியல்படி ஜூனிபர் பழமே அல்ல. ஊசியிலை மரங்களில் காய்க்கும் கூம்பு வகை. இந்த ஜின்னில் ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைத் தோல், காட்டு பிளம்ஸ் என எதையாவது ஊறப்போட்டால் பழ ஜின். தோலிலுள்ள எண்ணெய் தண்ணீரில் லேசில் கரையாது, ஆல்கஹாலில் உடனே கரைந்துவிடும். அதனால் தோலுக்கு ஒன்றிரண்டு நாள் போதும். அதற்குமேல் விட்டால், அடியிலுள்ள வெள்ளைச் சதையின் கசப்பு இறங்கிவிடும். பழத்துக்கோ வாரக்கணக்கில் ஆகும். இங்கிலாந்தின் கிராமங்களில் ஸ்லோ என்ற புளிப்பான காட்டு பிளம்ஸைச் சர்க்கரையோடு மாதக்கணக்கில் ஊறவைப்பார்கள். ஜின் கருஞ்சிவப்பாக மாறும்.

பரிமாறும் விதம்தான் வேடிக்கை. அகன்ற வாய் கொண்ட பெரிய கண்ணாடிக் கிண்ணம். அது நிறைய ஐஸ். ஒரு பங்கு ஜின்னுக்கு இரண்டு மூன்று பங்கு டானிக் தண்ணீர். கடைசியில் ஒரு துண்டு ஆரஞ்சுத் தோலைக் கிண்ணத்துக்கு மேலே பிடித்து முறுக்குவார்கள். எண்ணெய் தெறித்து மேற்பரப்பில் மிதக்கும். குடிக்கக் குனிகிறவரின் மூக்குக்கு முதலில் பழம் வந்து சேரும், வாய்க்கு அப்புறம்தான் சாராயம். அங்கே தோலை வைத்துக்கொண்டு பழத்தை ஒதுக்கிவிடுகிறார்கள். ஸ்டேஷன் வாசலில் சாற்றை எடுத்துக்கொண்டு தோலை வாளியில் போடுகிறார்கள். ஒரே எலுமிச்சைக்கு இரண்டு எதிரெதிர் மரியாதை!

மூக்குக்கு முதலில் பழத்தைக் காட்டும் இந்த வித்தை எங்கிருந்து வந்தது? அழகுக்காக வந்ததாகத் தெரியவில்லை. 1700-களின் முதல் பாதியில் லண்டனில் ஏழைகளிடையே ஜின் வெள்ளமாக ஓடியது. மலிவாகக் காய்ச்சிய சாராயத்தின் நெடியை மறைக்க, ஜூனிபருக்குப் பதிலாக டர்பன்டைன் எண்ணெயைக்கூடச் சேர்த்தார்கள். குடும்பங்கள் சீரழிந்து, 1751-ல் அரசாங்கம் சட்டம் போட்டு ஒடுக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஓவியர் வில்லியம் ஹோகார்த் வெளியிட்ட 'ஜின் லேன்' படத்தில், போதையில் இருக்கும் தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழுந்துகொண்டிருக்கும். இனிப்பும் பழமும் வாசனையும் அந்தக் காலத்துச் சாராயத்தின் மேல் போர்த்திய போர்வை.

நம் பக்கத்துக் கதையும் இதேபோலத்தான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1600-களில் இங்கே கற்றுக்கொண்ட பானம் 'பஞ்ச்'. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என்று ஐந்து சாமான் சேர்வதால், ஐந்தைக் குறிக்கும் 'பாஞ்ச்' என்ற சொல்லிலிருந்து பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அந்த ஐந்தில் நான்கு இன்றைக்கும் எலுமிச்சை சர்பத்தில் அப்படியே இருக்கின்றன. விடுபட்டது சாராயம் ஒன்றுதான். நஷ்டமில்லை.

டானிக் தண்ணீரின் கசப்பிலும் தமிழ்நாட்டுக்குப் பங்குண்டு. மலேரியாவுக்கு மருந்தான குயினைன், தென் அமெரிக்காவின் சின்கோனா மரப்பட்டையிலிருந்து வருவது. 1860-ல் அந்த மரம் நீலகிரிக்கு வந்தது. தொட்டபெட்டாவிலும், கூடலூர் போகும் வழியிலுள்ள நடுவட்டத்திலும் அரசாங்கத் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் குயினைன் தொழிற்சாலையே நடந்தது. கசப்பு மருந்தை விழுங்க முடியாத வெள்ளைக்காரர்கள் அதில் சோடாவும் சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்தார்கள், பிறகு ஜின்னையும் சேர்த்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. இங்கேயும் எலுமிச்சையின் வேலை ஒன்றை மறைப்பதுதான்.

ஐஸுக்கும் சென்னையில் ஒரு பழைய முகவரி உண்டு. மெரினா கடற்கரைச் சாலையில் இப்போது விவேகானந்தர் இல்லமாக இருக்கும் வட்ட வடிவக் கட்டடம், 1842-ல் ஐஸ் சேமிக்கக் கட்டப்பட்டது. அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்தெடுத்த பனிக்கட்டியை, மரத்தூளில் பொதிந்து கப்பலில் கொண்டுவந்து விற்றார் ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி. பாஸ்டனிலிருந்து நாலு மாதம் கடலில் உருகியது போக மிச்சமிருந்ததுதான் மதராஸ் துரைமார்களின் கிளாஸில் மிதந்தது. உள்ளூரிலேயே ஐஸ் செய்யும் இயந்திரங்கள் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

அன்று துரைக்கு மட்டும் கிடைத்தது இன்று அண்ணனூரில் இறங்குகிறவர் எல்லோருக்கும் கிடைக்கிறது. ஆனால் எந்த ஐஸ் என்பது முக்கியம். மீனையும் மற்ற சரக்கையும் குளிரவைக்கச் செய்யும் ஐஸ், குடிக்கத் தகுந்த தண்ணீரில் செய்யப்பட வேண்டியதில்லை. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் சாப்பிடத் தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. ஐஸ் பெட்டியில் லேசாக நீலம் தெரிந்தால், எவ்வளவு தாகமாக இருந்தாலும் அந்த வண்டியைக் கடந்துவிடுவது உத்தமம். 'பாப்பாவுக்கு ஐஸ் வேணாம்' என்று சொல்லும் அம்மாக்கள் காரணமில்லாமல் சொல்வதில்லை.

வண்டியில் எலுமிச்சைக்கு அடுத்த இடம் பன்னீர் சோடாவுக்கு. கோலி உருளும் பாட்டிலில் வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கழுத்தில் கோலியை அடைத்து, வாயுவின் அழுத்தத்தாலேயே அதை மூடியாக நிற்கவைக்கும் அந்த பாட்டில், ஹைரம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1872-ல் காப்புரிமை வாங்கியது. அவருடைய நாட்டில் வழக்கொழிந்து போனது. ஜப்பானில் ராமுனே என்ற பெயரில் இருக்கிறது. நம்மூரில் சினிமாவுக்கே பெயர் கொடுத்துவிட்டது.

பன்னீர் சோடாவில் இருப்பது பெரும்பாலும் ரோஜாவின் வாசனை எசென்ஸ். பெயரைக் கேட்டுப் பன்னீர் திராட்சை என்று நினைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அசல் பன்னீர் திராட்சை தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் விளைவது. கருநீல நிறம், கொட்டையுள்ள பழம், கிள்ளினாலே மணக்கும். வருஷம் முழுக்க அறுவடை நடக்கும் இந்தத் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயம்பேட்டில் வாங்கி, வீட்டில் கொதிக்கவைத்து வடிகட்டிக் குடித்தவர்களுக்குத் தெரியும், பாட்டிலில் அடைத்த 'கிரேப்' சோடாவுக்கும் இதற்கும் எவ்வளவு தூரமென்று.

அதற்காக பாட்டில் பானங்களையெல்லாம் எதிரியாக்க வேண்டியதில்லை. 1916-ல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பொவண்டோவுக்குத் திராட்சை சாயலில் ஒரு சுவை உண்டு. கல்யாண வீடுகளில் அதைக் குடித்து வளர்ந்தவர்கள் இன்றைக்கும் அதைத்தான் கேட்கிறார்கள். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து, வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்கமாட்டோம் என்று தமிழக வணிகர்கள் அறிவித்தபோது, பல கடைகளின் ஃப்ரிட்ஜில் அந்தக் காலி இடத்துக்கு வந்து நின்றதும் பொவண்டோதான். அனுமதிக்கப்பட்ட எசென்ஸும் நிறமும் அளவோடு இருந்தால் விஷமாகிவிடாது. பழம் என்று சொல்லி எசென்ஸைக் கொடுப்பதுதான் கோபத்துக்குரியது. சட்டத்தில் இதற்கொரு கோடு இருக்கிறது. பழ பானம் என்று பெயர் வைத்தால் குறைந்தது 10 சதவிகிதம் பழச்சாறு இருக்க வேண்டும். எலுமிச்சை வகைக்கு 5 சதவிகிதம் போதும். லேபிளின் மூலையில் பொடி எழுத்தில் அந்த எண் இருக்கும். படத்தில் மட்டும் பழம் பெரிதாக இருக்கும்.

நிறத்தின் கதை இன்னும் மோசம். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் இருப்பது தெரிந்து தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது. கண்ணைப் பறிக்கும் அந்த ரோஸ் நிறத்தைப் பார்த்துத்தான் குழந்தைகள் கேட்டன, பெற்றவர்களும் வாங்கிக் கொடுத்தார்கள். ரோஜா நிற பானம் எதைப் பார்த்தாலும் ஒரு நிமிடம் யோசிக்கும் பழக்கம் அதற்குப் பிறகு பல வீடுகளில் வந்திருக்கிறது.

கண்ணும் மூக்கும் ஏமாறுவதற்கு எல்லை இல்லை என்பதை இதைவிடக் கொடூரமாகக் காட்டியது 2024 ஜூன் மாதத்துக் கள்ளக்குறிச்சி. கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மெத்தனாலுக்கும் வழக்கமான சாராயத்துக்கும் நிறத்தில் வித்தியாசமில்லை. வாசனையிலும் குடிக்கிறவரால் பிரித்தறிய முடியாது. உடம்புக்குள் போன பிறகு அது ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண் நரம்பைத் தாக்குகிறது. மாலையில் குடித்தவர்கள் கண் தெரியவில்லை, வயிறு எரிகிறது என்று ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். மது விலையுயர்ந்த கண்ணாடிக் கிண்ணத்தில் ஆரஞ்சுத் தோலோடு வந்தாலும், பிளாஸ்டிக் பாக்கெட்டில் வந்தாலும், உள்ளே இருப்பதைக் குடிக்கிறவரின் மூக்கு சொல்லிவிடாது. முன்னதில் ஆய்வுக்கூடமும் லேபிளும் இருக்கின்றன. பின்னதில் கூலிக்காரரின் தாகமும் விற்றவனின் வார்த்தையும் மட்டுமே இருந்தன.

வெட்டும் கத்தியை நேருக்கு நேர் பார்க்க முடிகிற வண்டிக்கு மரியாதை இங்கேதான் வருகிறது. எலுமிச்சை எலுமிச்சைதான் என்பதற்கு யாருடைய சான்றிதழும் வேண்டாம். விலைதான் சிக்கல். ஆந்திராவின் கூடூரிலிருந்தும், தென்காசிப் பக்கம் 'எலுமிச்சை நகரம்' என்று பெயரெடுத்த புளியங்குடியிலிருந்தும் பழம் வருகிறது. வெயில் ஏற ஏற விலையும் ஏறும். தாகம் அதிகமாகும் மாதங்களில்தான் பழமும் எட்டாத உயரத்துக்குப் போகும். அப்போது ஒரு டம்ளருக்கு முழுப் பழம் பிழிந்த வண்டிக்காரர் அரைப் பழத்துக்கு இறங்குவார், அல்லது அஞ்சு ரூபாய் ஏற்றுவார். ஏற்றுகிறவரைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒன்றும் சொல்லாமல் சிட்ரிக் அமிலப் பொடிக்கு மாறுகிறவரைவிட அவர் எவ்வளவோ மேல்.

பழமே இல்லாமல் மணக்கும் ஒன்றும் அதே வண்டியில் இருக்கிறது. நன்னாரி. மெல்லிய கொடியின் வேர் அது. காய்ந்த வேரை முகர்ந்தால் வெனிலா மாதிரி ஒரு வாசம் வரும். அதற்குக் காரணமான மூலக்கூறு, வெனிலாவை மணக்கவைக்கும் வெனிலினுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அணுக்களின் எண்ணிக்கை அதே, அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு. வேரைத் தட்டி, நடுநரம்பை எடுத்துவிட்டு, ராத்திரி முழுக்க வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டி, சர்க்கரைப் பாகில் சேர்ப்பது பழைய முறை. அந்த சிரப் கலங்கலான பழுப்பாக இருக்கும். செக்கச்செவேலென்றோ கன்னங்கரேலென்றோ மின்னினால் அதில் வேரைவிடப் பாட்டில் வண்ணத்தின் பங்கு அதிகம். பாதி எலுமிச்சை பிழிந்த நன்னாரி சர்பத்துக்கு ஈடாக எந்தக் கிண்ண ஜின்னையும் சொல்ல முடியாது. நாலு பேரிடம் கேட்டால் மூன்று பேராவது ஒப்புக்கொள்வார்கள்.

இதற்கு நேரெதிரான ஓர் உதாரணம் கடல் தாண்டி இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1944-ல், கொழும்பின் ராக்லேண்ட் வடிசாலையில் ஜின் செய்தபோது ஐரோப்பாவிலிருந்து வரவேண்டிய வாசனைப் பொருள்கள் கிடைப்பது அரிதாக இருந்தது. பதிலுக்கு அவர்கள் போட்டது இலங்கையின் கறுவாப்பட்டை, இஞ்சி, கொத்தமல்லி, கறிவேப்பிலை. ரசத்துக்குத் தாளிக்கிற சாமான்! தட்டுப்பாட்டில் பிறந்த அந்தச் சேர்க்கைதான் இப்போது உலகச் சந்தையில் அதன் பெருமையாக விற்கப்படுகிறது.

சாராயம் இல்லாமலே தோலின் எண்ணெயைப் பிடிக்க வழி இருக்கிறது. பழைய பஞ்ச் தயாரித்தவர்கள் சர்க்கரைக் கட்டியை எலுமிச்சைத் தோலில் அழுத்தித் தேய்ப்பார்கள். எண்ணெய் சர்க்கரையில் ஏறிவிடும். வீட்டில் இதைச் செய்ய நாலைந்து எலுமிச்சையோ இரண்டு கமலா ஆரஞ்சோ போதும். நன்றாகக் கழுவித் துடைத்து, வெள்ளைப் பகுதி வராமல் மேல்தோலை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். ஒரு கைப்பிடி சர்க்கரையில் போட்டுப் பிசைந்து மூடிவைத்தால், நாலைந்து மணி நேரத்தில் சர்க்கரை நனைந்து பாகு மாதிரி இளகியிருக்கும். மூடியைத் திறந்ததும் சமையலறை முழுக்க மணக்கும். அதில் பழத்தின் சாற்றைப் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, பானைத் தண்ணீரோ சோடாவோ ஊற்றிக் கலக்கினால் தோலும் சாறும் ஒரே டம்ளரில் வந்துவிடும். கசந்தால் வெள்ளைச் சதை சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த முறை கத்தியைக் கொஞ்சம் மேலாகப் பிடிக்க வேண்டும்.

ஸ்டேஷன் வண்டியில் அதற்கெல்லாம் நேரமில்லை. ஆவடிப் பக்கமிருந்து ஒரு ரயிலும் சென்ட்ரல் பக்கமிருந்து ஒரு ரயிலும் சேர்ந்து நின்றால் ஒரே நேரத்தில் இருபது கைகள் நீளும். எட்டரை, ஒன்பது மணிக்குக் கூட்டம் குறையும்போது வாளியில் பிழிந்த தோல்கள் மலையாகக் கிடக்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டால் அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை வருகிறதென்றால், பித்தளை விளக்குக்கும் குத்துவிளக்குத் தட்டுக்கும் புளியோடு சேர்த்துத் தேய்க்க அதைவிட நல்ல சாமான் இல்லை.